பச்சை விளக்கு எரியும், நெட் வராது

ஆனி பிறந்துவிட்டால் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியரைப் பக்கம் காற்று ஓய்வதே இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து புகுந்து, செங்கோட்டை, இலஞ்சி, தென்காசி என்று சாரலோடு இறங்கும். ஊருக்கு அது சீசன். குற்றாலத்தில் தண்ணீர் விழும், கடைகளில் வியாபாரம் நடக்கும். வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த இரண்டு மூன்று மாதமும் கவலை. தென்னை மட்டை விழுந்தாலும் புளியங்கிளை ஒடிந்தாலும் முதலில் அறுந்து தொங்குவது போஸ்ட்டுக்குப் போஸ்ட் இழுத்துக் கட்டிய ஃபைபர் ஒயர்.

நான் புனலூர்ப் பக்கம் கடை வைத்திருக்கும் இரண்டு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜூலை 11 என்றால் ஆனிக் கடைசி, காற்று உச்சத்தில் இருக்கும் நேரம். அதற்காகவே கம்ப்யூட்டரில் லேன் கேபிளைச் செருகியதோடு, போனின் ஹாட்ஸ்பாட்டையும் வைஃபையில் இணைத்து வைத்திருந்தேன். ஒன்று போனால் இன்னொன்று தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று முழுதாக நம்பினேன். அன்றைக்கு மத்தியானம் நெட் நின்றது. எதுவும் தானாகப் பிடித்துக்கொள்ளவில்லை. லேன் கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எப்போதும்போல் மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றன.

லைன் பார்க்கிற தம்பிக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, பெட்டில எல்ஓஎஸ்னு போட்ருக்க லைட்டு சிவப்பா எரியுதான்னு பாருங்க" என்றார். எரிந்தது. "அப்ப லைன் கட்டு. காத்து கொறஞ்சாத்தான் போஸ்ட்ல ஏற முடியும்."

போனை வைத்துவிட்டு, ஒரு வேகத்தில் லேன் கேபிளைப் பிடுங்கினேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை, ஹாட்ஸ்பாட் வழியாக எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. கேபிள் செருகியிருக்கும்வரை மாறாத கம்ப்யூட்டர், பிடுங்கியதும் உடனே மாறியது ஏன் என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன். வழிமாறுவது கம்ப்யூட்டருக்குச் சின்ன வேலைதான். ஒரு வழி செத்துவிட்டது என்று அதற்குத் தெரிய வருவதில்லை, சிக்கல் முழுவதும் அங்கே இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு வழி அட்டவணை உண்டு. எந்த முகவரிக்குப் போகிற தகவலை எந்தப் பக்கமாக அனுப்புவது என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான தகவலுக்கு "மற்ற எல்லாம் இந்த வழியே" என்ற ஒரே வரிதான். அதை இயல்பு வழி என்று வைத்துக்கொள்வோம். கேபிளும் வைஃபையும் சேர்ந்தே இணைந்திருந்தால் அப்படி இரண்டு வரிகள் இருக்கும். இரண்டில் எது என்று தீர்மானிக்க ஒவ்வொன்றுக்கும் மெட்ரிக் என்று ஒரு எண் உண்டு. சின்ன எண்ணே முந்தும்.

கேபிளைப் பிடுங்கினால் கம்ப்யூட்டரின் லேன் கார்டுக்கு மின் சைகை நின்றுபோகிறது. உடனே கேபிளின் வரி அட்டவணையிலிருந்து விழுந்துவிடும். மிச்சம் வைஃபை வரி மட்டும்தான், எல்லாம் அதில் போகும். ஆனால் ஒயர் தெருவில் அறுந்தால் என்ன ஆகிறது? கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை இரண்டு மீட்டர் கேபிள் நன்றாகவே இருக்கிறது. ரவுட்டரும் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, கூப்பிட்டால் பதில் சொல்கிறது. கம்ப்யூட்டர் பார்க்கிற தூரம் அவ்வளவுதான். பச்சை விளக்கு அந்த இரண்டு மீட்டருக்கு மட்டும் சாட்சி. அதற்கு அப்பால் ஐம்பதாவது போஸ்ட்டில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அட்டவணையில் கேபிள் வரி அப்படியே நிற்க, நாம் அனுப்புவதெல்லாம் அறுந்த ஒயரை நோக்கியே போகும்.

கரண்ட் போனால் கதை வேறு. ரவுட்டர் அணைந்ததும் லேன் கேபிளில் சைகை நின்றுவிடும், லேப்டாப் ஹாட்ஸ்பாட்டுக்குப் போய்விடும். ஆகவே கரண்ட் கட்டை வைத்து "என் வீட்டில் தானாக மாறுகிறதே" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

இது விண்டோஸ் எழுதியவர்களின் மறதி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இதன் வேர் மிகப் பழையது. இணையத்தில் இணையும் கம்ப்யூட்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்த ஆர்எஃப்சி 1122 என்ற ஆவணம் 1989 அக்டோபரில் வந்தது. செத்த வாசலைக் கண்டுபிடிப்பது பற்றி அதில் ஒரு பகுதியே இருக்கிறது. அது இரண்டு காரியம் செய்தது. முதலாவது, வாசல் என்று அது சொன்னது நம் பக்கத்து ரவுட்டரை மட்டும்; அதைத் தாண்டி உள்ள பழுதைக் கம்ப்யூட்டர் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது, அந்த ரவுட்டரைக்கூட ஓயாமல் பிங் அடித்துக்கொண்டே, அதாவது உயிரோடு இருக்கிறாயா என்று விசாரித்துக்கொண்டே, இருக்கக் கூடாது என்று தடுத்தது. அன்றைய இணைப்புகளின் வேகத்துக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் விநாடிக்கு ஒருமுறை கதவைத் தட்டினால் வலை தாங்காது. நியாயமான விதிதான். அப்பால் நடக்கும் பழுதைச் சுற்றிக்கொண்டு போவது நடுவில் இருக்கும் ரவுட்டர்களின் வேலை, அவை செய்துகொள்ளும் என்பது கணக்கு.

நடுவில் இருப்பவை அதை நன்றாகவே செய்கின்றன. பெரிய ரவுட்டர்கள் ஒன்றையொன்று விநாடிக்குப் பலமுறை விசாரித்துக்கொள்ள பிஎஃப்டி என்ற முறை 2010இலேயே தரமாக்கப்பட்டுவிட்டது. ஒரு விநாடி ஆவதற்குள் வழி மாறிவிடும். ஆனால் நம் தெருவுக்குள் வருகிற கடைசி ஒயர் ஒன்றே ஒன்று. அது அறுந்தால் சுற்றிக்கொண்டு போக நடுவில் வழியில்லை. இரண்டாவது வழி நம் மேசைமேல் போனாக இருக்கிறது. அதை எடுக்க வேண்டியது நம் கம்ப்யூட்டர். அதற்குத்தான் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

போனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டு வைஃபையில் இணைந்திருந்தும் நெட் வராவிட்டால் ஆண்ட்ராய்டு போன் சும்மா டேட்டாவுக்கு மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே உள்ள ஒரு சர்வரை அது விசாரிக்கிறது. பதில் வராவிட்டால் அந்த வைஃபையை ஒதுக்குகிறது. விண்டோஸும் இதே மாதிரி விசாரிக்கத்தான் செய்கிறது. மைக்ரோசாஃப்ட் சர்வரில் உள்ள ஒரு சின்ன எழுத்துக் கோப்பைக் கேட்டுப் பார்க்கும். வராவிட்டால் மூலையில் "இன்டர்நெட் இல்லை" என்று காட்டும். அந்த விவரத்தை நம்மிடம் சொல்வதோடு நின்றுவிடுகிறது. வழி அட்டவணையின் எண்களை அது தொடுவதில்லை.

லினக்ஸில் இந்த இடத்தில் அருமையான ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார்கள். நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் கேபிளுக்கு 100 என்றும் வைஃபைக்கு 600 என்றும் மெட்ரிக் கொடுக்கும். இணைப்புச் சோதனையை இயக்கி வைத்தால் அதுவும் வெளியே ஒரு பக்கத்தை விசாரிக்கும். கேபிள் வழியாகப் பதில் வராவிட்டால் கேபிளின் எண்ணோடு 20000ஐக் கூட்டிவிடும். 20100ஐவிட 600 சின்னது, அவ்வளவுதான், வைஃபை முந்திவிடும். கேபிள் பிழைத்ததும் அந்த 20000 கழிந்துவிடும். இத்தனை எளிய யோசனையை எல்லாரும் எடுத்துக்கொள்ளாதது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரே குறை, சோதனை இடைவெளி இயல்பாக 300 விநாடி. ஐந்து நிமிடம் காத்திருக்க முடியாதவர்கள் அமைப்புக் கோப்பில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். மேக் வைத்திருப்பவர்கள் நெட்வொர்க் அமைப்பில் எது முதலில் என்று வரிசை போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸில் நாமே கொஞ்சம் கை வைக்க வேண்டும். முதல் தடை, லேன் கேபிள் செருகியிருந்தால் வைஃபையில் அது தானாகச் சேருவதே இல்லை. இணைப்புகளைக் குறைவாக வைத்துக்கொள்ளும் ஒரு கொள்கை இயல்பிலேயே போடப்பட்டிருக்கிறது. நாம் கையால் இணைத்தால் விடும். விண்டோஸின் விதிகளை மாற்றும் குரூப் பாலிசி என்ற கருவியில் இதைத் தளர்த்தலாம், ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லாததால் ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புப் பட்டியலில்தான் மாற்ற வேண்டும். மாற்று வழி எப்போதும் தயாராக நிற்க வேண்டும் என்றால் இது முதல் வேலை.

இரண்டாவது, அந்த மெட்ரிக் எண். விண்டோஸ் அதை வேகத்தைப் பார்த்துத் தானே போடும். ஒரு கிகாபிட் கேபிளுக்கு 25. நூறு மெகாபிட் கேபிளுக்கு 35. 500 மெகாபிட்டுக்கு மேல் இணைந்த வைஃபைக்கு 30. இப்போது பாருங்கள்: கிகாபிட் வேகத்துக்கு லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். எலி கடித்தோ கிளிப் தளர்ந்தோ ஒரு ஜோடி போனால் கேபிள் நூறு மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். நெட் நன்றாகத்தான் ஓடும், நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேபிள் 35, ஹாட்ஸ்பாட் 30 என்று ஆகி, நல்ல கேபிள் இருக்கும்போதே எல்லாம் போன் டேட்டாவில் போய்க்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் காலை பத்து மணிக்கே அன்றைய 2 ஜிபி தீர்ந்துபோனது இதனால்தான். அடாப்டர் அமைப்பில் ஐபிவி4, அட்வான்ஸ்டு என்று உள்ளே போய், தானியங்கி மெட்ரிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு, கேபிளுக்கு 10, வைஃபைக்கு 50 என்று நாமே எழுதிவிட வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்த படி, ஆர்எஃப்சி தடுத்த அதே கதவு தட்டல். விண்டோஸில் கட்டளை எழுதும் பவர்ஷெல்லில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு), ஐந்து விநாடிக்கு ஒருமுறை வெளியே பிங் அடிக்க வேண்டும். வீட்டு ரவுட்டரைப் பிங் அடித்துப் பயனில்லை, அது எப்போதும் பதில் சொல்லும். 1.1.1.1, 8.8.8.8 மாதிரித் தூரத்தில் உள்ள இரண்டு முகவரிகளை அடிக்க வேண்டும். ஒன்று பதில் சொன்னாலும் கேபிள் உயிரோடு இருக்கிறது. தொடர்ந்து மூன்று முறை இரண்டுமே மௌனமாக இருந்தால் கேபிளின் மெட்ரிக்கை 500க்கு ஏற்றிவிட வேண்டும். ஸ்கிரிப்ட்டை, வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் நிர்வாகி உரிமையோடு போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது அதுவும் தொடங்கும்.

இதில் நான் விழுந்த குழி ஒன்று இருக்கிறது. முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் கேபிள் செத்ததும் சரியாக வைஃபைக்கு மாறியது. மாறியவுடன் அடுத்த பிங் வைஃபை வழியாகப் போய்ப் பதில் வாங்கி வந்தது. ஸ்கிரிப்ட், "ஆகா, நெட் வந்துவிட்டது" என்று கேபிளுக்குத் திரும்பியது. அங்கே நெட் இல்லை. மறுபடி வைஃபை, மறுபடி கேபிள். மத்தியானம் முழுவதும் இப்படி ஊஞ்சல் ஆடியது. கேபிளின் உடம்பைப் பார்க்க வேண்டுமானால் சோதனை கேபிள் வழியாகவே போக வேண்டும். அதற்கு நான் செய்தது: அந்த இரண்டு முகவரிகளுக்கும் கேபிள் ரவுட்டர் வழியாகவே போ என்று நிரந்தரமாகத் தனி வரிகள் எழுதினேன். ஒரு குறிப்பிட்ட முகவரிக்கென்று தனி வரி இருந்தால், மெட்ரிக் என்னவாக இருந்தாலும் இயல்பு வழியை அது முந்தும். எனவே மற்றதெல்லாம் வைஃபையில் போனாலும் சோதனை மட்டும் கேபிளையே தட்டிக்கொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த முகவரிகளை டிஎன்எஸ் ஆக, அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வராக, கம்ப்யூட்டரில் போட்டிருக்கக் கூடாது. கேபிள் செத்தால் அவையும் எட்டாது, தளங்களின் பெயர் எதுவும் திறக்காது.

திரும்பிப் போவதில் அவசரம் காட்டக் கூடாது. காற்றில் ஆடும் ஒயர் ஒரேயடியாகச் சாவதில்லை. பத்து விநாடி வரும், இருபது விநாடி போகும். செத்தது என்று சொல்ல மூன்று தோல்வி போதும், பிழைத்தது என்று நம்பத் தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி, அதாவது ஒரு நிமிடம், வேண்டும் என்று வைத்திருக்கிறேன். வழி மாறும் ஒவ்வொரு முறையும் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுகின்றன என்பதால் இந்தப் பொறுமை தேவை. இணையத்தில் பெரும்பாலும் ஓடும் டிசிபி வகை இணைப்பு என்பது இரு பக்கத்து முகவரிகளையும் போர்ட் எண்களையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும் நம் பக்கத்து முகவரி மாறிவிடும், பழைய முடிச்சு செல்லாது. வீடியோ அழைப்புகள் சில விநாடியில் மறுபடி சேர்ந்துகொள்ளும். அப்லோட் ஆகிக்கொண்டிருந்த கோப்பும் தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்த செஷனும் விழும். இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஒரே இணைப்பைப் பல பாதைகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபி 2013இல் சோதனைத் தரமாக வந்தது. அதே வருடம் ஆப்பிள் அதை ஐஓஎஸ் 7இல் சிரி என்ற தன் குரல் உதவியாளருக்குப் பயன்படுத்தியது. 2021இல் தரமாக்கப்பட்ட க்விக் என்ற புதிய இணைப்பு முறையில் முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடர ஏற்பாடு இருக்கிறது. ஆனால் இரண்டு முனையும் அதைப் பேச வேண்டும். நான் கணக்கு ஏற்றும் தளங்களை நம்பி அதை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு செய்தும் பலர் ஒரு அடிப்படை இடத்தில் ஏமாறுகிறார்கள். கேபிளும் வைஃபையும் ஒரே ரவுட்டரிலிருந்து வந்தால் அது இரண்டு வழி ஆகாது. ஒரு வீட்டுக்கு முன்வாசலும் பின்வாசலும் இருந்தாலும் இரண்டும் ஒரே தெருவில் திறந்தால், தெருவில் மரம் விழுந்த அன்றைக்கு இரண்டாலும் வெளியே போக முடியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயிலும் உண்டு, சாலையும் உண்டு. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010இல் நிறுத்திய ரயில் 2018இல்தான் முழுதாக ஓடியது. இடைப்பட்ட காலம் முழுவதும் சாலை தாங்கியது. ரயில் மட்டும் நின்றால் சாலை மாற்று. ஆனால் இரண்டும் ஆரியங்காவுக் கணவாய்க்குள்தான் நுழைகின்றன. கணவாயில் மண் சரிந்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். அப்போது அச்சன்கோவில் வழிதான் உண்மையான மாற்று.

போன் டேட்டாவை எடுத்துக்கொள்வதிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஃபைபரும் சிம்மும் ஒரே கம்பெனியாக இருந்தால், அந்தக் கம்பெனியின் உள் வலையில் கோளாறு வரும் நாளில் இரண்டும் போகும். டவருக்குப் போகும் இணைப்பும் பல இடங்களில் ஃபைபர்தான், அதுவும் அதே காற்றில் ஆடுகிறது. ஆகவே வேறு கம்பெனி சிம் நல்லது. ஃபைபர் பெட்டிக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைப்பதும் நல்லது. பாதி நாள் கோளாறு ஒயரில் இல்லை, வீட்டுக் கரண்டில்தான்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. இன்று டெலிகாம் கணக்கில் நாங்கள் தமிழ்நாடு வட்டம், ஆரியங்காவு கேரள வட்டம். மலைப்பக்கத்து ஜன்னலில் போனை வைத்தால் அது கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். அழைப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சில சிம்களில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் அந்த நிமிடத்தில் டேட்டா நின்றுவிடும். சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஹாட்ஸ்பாட்டும் இணைந்தே இருக்கும், நெட் மட்டும் இருக்காது. மறுபடி அந்தப் பச்சை விளக்குக் கதைதான். டேட்டா ரோமிங்கை இயக்கி வைத்துவிட்டு, போனைக் கிழக்கு ஜன்னலில் வையுங்கள். வாளையாறு, குமுளி, களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ரவுட்டரிலேயே இந்த மாற்றத்தைச் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். இரண்டு இணைப்பை ஏற்கும் டூயல் வேன் ரவுட்டர்கள் இருக்கின்றன. ஓபன் டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டரில் எம்வான்3 என்ற நிரல் நான் மேலே சொன்ன பிங், எண்ணிக்கை எல்லாவற்றையும் செய்கிறது. கடை, கிளினிக் மாதிரி இடங்களுக்கு அதுவே சரி. வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ரவுட்டர் மாறினால் வீட்டில் உள்ள டிவியும் எல்லாப் போன்களும் சேர்ந்தே மாறும். ஹாலில் டிவியில் ஓடும் படம் ஒரு மணி நேரத்தில் 2 ஜிபியைக் குடித்துவிடும். அப்புறம் 64 கேபிபிஎஸ் வேகத்தில் ரிட்டர்ன் எப்படித் தாக்கல் செய்வது? வேலை பார்க்கிற ஒரு கம்ப்யூட்டர் மட்டும் மாறினால் போதும். அந்தக் கம்ப்யூட்டரிலும் ஹாட்ஸ்பாட் வைஃபையை மீட்டர்டு (அளவுக் கட்டுப்பாடு உள்ளது) என்று குறித்து வையுங்கள், பெரிய அப்டேட்கள் அதில் இறங்காது.

டேட்டா விஷயத்தில் இன்னொரு ஓட்டை, ஐபிவி6. ஐபிவி4 பழைய இணைய முகவரி முறை, ஐபிவி6 புதியது. ஃபைபர் இணைப்பில் ஐபிவி4 மட்டும் வந்து, ஹாட்ஸ்பாட்டில் ஐபிவி6உம் வந்தால், ஐபிவி6 உள்ள தளங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அதையே விரும்பும். கேபிளுக்கு 10 என்று எழுதிய எண் ஐபிவி4க்கு மட்டும்தான். யூடியூப் மாதிரிப் பெரிய தளங்கள் எல்லாம் ஐபிவி6 உள்ளவை. கேபிள் நன்றாக இருக்கும்போதே அவை போன் வழியாகப் போகும். வைஃபை அடாப்டரில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டால் நிற்கும். ஸ்கிரிப்ட்டையும் மெட்ரிக்கையும் மூன்று நாள் சந்தேகப்பட்ட பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பது. லேன் கேபிளைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம். அது எந்த ஸ்கிரிப்ட்டும் இல்லாமலே வேலை செய்யும் சோதனை. ஃபைபர் முனையையும் கழற்ற வேண்டாம், தூசி பட்டால் ஒளி மங்கும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள கேபிளைக் கழற்றுங்கள். இரண்டும் ஒரே பெட்டி என்றால் அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய் வெளி இணைப்பை மட்டும் நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் சரியான சோதனை. ஒரு வீடியோ அழைப்பைப் போட்டு வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் படம் உறைந்து, பதினேழாவது விநாடியில் மறுபடி அசைந்தது. பிறகு கேபிளைத் திரும்பச் செருகி, ஒரு நிமிடம் கழித்து அது பழைய வழிக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். வைகாசி முடிவதற்குள், காற்று தொடங்கும் முன்னே, இதை ஒருமுறை செய்துவிடுங்கள்.